இசக்கிமுத்துவின் வயிற்றில் பன்னிரண்டு மில்லி

மதியம் இரண்டு மணி இருபத்தாறு நிமிடம். திரையில் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைக் கீறல். நீளம் ஓர் அரிசியைவிடச் சற்று அதிகம். இருந்த இடம் வலது இடுப்பெலும்பின் விளிம்புக்கு உள்ளே, சாய்வாக. சி.டி. ஸ்கேன் மேஜையில் படுத்திருந்தவர் பெயர் இசக்கிமுத்து. வயது இருபத்துமூன்று. காலையிலிருந்து வயிற்றுவலி. நான் அந்தக் கீறலைப் பார்த்தேன். தாயத்து என்று முடிவு செய்தேன். முப்பத்தோரு ஆண்டுப் பணியில் இவ்வளவு வேகமாகவும் இவ்வளவு உறுதியாகவும் நான் தவறு செய்தது அந்த ஒரு முறைதான். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பஸ்ஸில் நினைத்துவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சி.டி. அறைக்கு இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. படம் எடுத்து முடித்ததும், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, சந்தேகமான இடத்தில் சிவப்பு வட்டம் போடுகிறது. போன வாரம் போயிருந்தபோது பழைய சகாக்கள் காட்டினார்கள். ஒரு வட்டம் கச்சிதமாக வீங்கிய குடல்வாலைச் சுற்றி விழுந்தது. நான் கைதட்டினேன். "இசக்கிமுத்து கேஸ்ல இது இருந்திருந்தா என்ன மேடம் பண்ணியிருக்கும்?" என்று கேட்டார்கள். கீறலைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அன்று விஷயத்தைத் தீர்த்தது படம் இல்லை. அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். படப்பைப் பக்கம் பிறந்தேன். கல்லூரி முடித்து இரண்டு ஆண்டு ஒரு மாலை நாளிதழுக்குத் தாலுகா செய்தி அனுப்பினேன். நேரம், இடம், முதலில் கண்ணில் பட்டது, இந்த மூன்றும் இல்லாத செய்தியை அங்கே கசக்கிப் போடுவார்கள். பிறகு அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ரேடியோகிராஃபர் டிப்ளமோ. இருட்டறையில் பிலிம் கழுவியதும், முதல் சி.டி. இயந்திரம் ஒரு வயிற்றைப் படமெடுக்கும் நேரத்தில் நான் ஒரு காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் அந்தக் காலம். தொழிற்சாலைகள் வந்ததும் ஊர்ப் பக்கமே வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் பகுதியில் எல்லா வயிற்றுவலிக்கும் ஒரே பெயர்தான்: கேஸ், அதாவது வாயு. ஷிப்ட் மாறும் நேரத்தில் வருவது கேஸ். கேன்டீன் சாம்பார் கேஸ். சிறுநீரகக் கல் துடிக்கத் துடிக்க வந்தாலும், வந்தவர் படியில் ஏறும்போதே "கேஸ்தான் சிஸ்டர்" என்பார். கம்பெனி மெடிக்கல் ரூமில் ஒரு ரோஸ் நிற மருந்து கொடுப்பார்கள். அதைக் குடித்தும் நிற்காத வலிதான் எங்களிடம் வரும். ரோஸ் மருந்தின் கறை எத்தனை சட்டையில் பார்த்திருப்பேன்!

இயந்திரம் வந்த புதிதில் அது ஆங்கிலத்தில் பேசியது. மூச்சை இழு, பிடி, விடு என்று ஓர் ஆண் குரல். படுத்திருப்பவர் பிடித்த மூச்சோடு மரியாதையாக "ஓகே சார்" என்பார். மூச்சு வெளியேறிவிடும். வயிறு அசையும். படம் கலங்கும். அதனால் நானே தமிழில் பதிவு செய்தேன்: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க." பிறகு எட்டு விநாடி மௌனம். "இப்ப விடுங்க." அந்தக் குரல் இந்தப் பகுதியின் பாதி வயிறுகளுக்குள் போய்விட்டது. ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஏறிய பெண்ணிடம், "கம்பியை அப்படியே பிடிங்க" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆள் நெஞ்சு நிமிர்ந்து, கன்னம் உப்பி, கண் விரியச் சிலையாகிவிட்டார். அவருக்குப் போன மாதம் கல்லுக்குப் படம் எடுத்தது நான்தான். ஒரு வேகத்தடை தாண்டியது. முகம் சிவந்துகொண்டே வந்தது. "இப்ப விடுங்க" என்றேன். விட்டார். ஆட்டோ முழுக்கக் காற்று.

படம் தெளிவாக விழுவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றும்போது உடம்பு சூடாகும். சிறுநீர் கழித்துவிட்டது போலத் தோன்றும். கழித்திருக்க மாட்டார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம். சொல்லியும், கம்பெனி ஒன்றின் பெரிய அதிகாரி ஒருவர், மேஜை வெளியே வந்ததும், எழுந்து நின்று, பின்பக்கத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "ஐ ஆம் ஃபைன்" என்று அறைக்கே அறிவித்துவிட்டுப் போனார்.

இனி டாக்டர் வைதேகி. எங்கள் கதிரியக்க நிபுணர். என் மேலதிகாரியாகப் பதினான்கு ஆண்டு இருந்தவர். முதுகு வலியால் நின்றுகொண்டேதான் படம் பார்ப்பார். குரல் கிசுகிசுப்பாக இருக்கும். கோபம் வந்தால் இன்னும் இறங்கும். அவர் உதடு மட்டும் அசைந்தால் நாங்கள் ஓடிவிடுவோம். "நார்மல்" என்ற சொல்லை அவர் எழுதிப் பார்த்ததில்லை. "இன்றைய படத்தில் தெரியவில்லை" என்றுதான் எழுதுவார்.

படத்தைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விக்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும். வலி எங்கே ஆரம்பித்து எங்கே போனது? கடைசியாக என்ன சாப்பிட்டார்? மூன்றாவது, என்ன வேலை? இந்த மூன்றாவதுக்கு இங்கே எல்லோரும் "ஆபரேட்டர்" என்றே சொல்வார்கள். சீட் தைப்பவரும் ஆபரேட்டர், டயர் உருட்டுபவரும் ஆபரேட்டர். சலித்துப்போன டாக்டர் ஒருநாள் கிசுகிசுத்தார்: "ஸ்டெல்லாம்மா, இனிமே கேக்காதீங்க. செஞ்சு காட்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்து சி.டி. அறையின் வெளித் தாழ்வாரம் ஊமை நாடக மேடை ஆனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒருவர் காற்றில் போல்ட் முடுக்குவார். இன்னொருவர் இல்லாத பெட்டியைத் தூக்கி இல்லாத அடுக்கில் வைப்பார். வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பயந்து போவார்கள். ஆனால் பலன் இருந்தது. ஒருமுறை லாரிகளுக்குப் பக்கப் பலகை பொருத்துகிற ஒருவர் வலது அடிவயிற்று வலியோடு வந்தார். குடல்வால் என்றே எல்லோரும் நினைத்தோம். செய்து காட்டச் சொன்னேன். பலகையைத் தூக்கினார், சாய்த்தார், பின்னால் ஓரடி நகர்ந்து வந்து வயிற்றால் ஓங்கி ஒரு முட்டு முட்டினார். "இப்படி முட்டினாத்தான் சிஸ்டர் லாக் வுழும்." ஒரு ஷிப்டுக்கு எத்தனை லாரி என்று கேட்டுவிட்டு டாக்டர் வைதேகி படத்தைத் திறந்தார். குடல்வால் சுத்தமாக இருந்தது. வயிற்றுச் சுவரின் தசைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அறுவை இல்லாமல் ஓய்வில் சரியானது. அவருக்கு ரப்பர் சுத்தியல் ஒன்று கொடுக்கும்படி டாக்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கொடுத்தார்கள்.

இசக்கிமுத்து வந்தது பங்குனியில். மணி ஒன்று ஐம்பது. கூட வந்தவர் அவருடைய சூப்பர்வைசர் தணிகாசலம், மணிமங்கலத்துக்காரர். நாற்பத்தைந்து வயது, இரண்டு போன், சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். கார்களுக்கு டாஷ்போர்டு பொருத்தும் லைன் அவர் பொறுப்பில் இருந்தது.

"இன்னா மேடம், கேஸ்தானே? ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க. லைன்ல ஆள் இல்ல."

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று நான் கேட்டது இசக்கிமுத்துவை. பதில் சொன்னது தணிகாசலம்.

"காலைல எட்டரைக்கி. தொப்புள்கிட்ட. மெடிக்கல் ரூம்ல ரெண்டு வாட்டி மருந்து குடிச்சிகீறான்."

"அண்ணே, வயிறு என்னுதுண்ணே" என்றார் இசக்கிமுத்து, குனிந்தபடி.

அவர் நாங்குநேரிப் பக்கம். நான்கு பேரோடு ஒரகடத்தில் ஓர் அறை. பயிற்சித் தொழிலாளி, நிரந்தரம் ஆக இன்னும் ஒரு மாதம் இருந்தது. எங்கள் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் அன்வர் அவர் வயிற்றை ஏற்கெனவே அழுத்திப் பார்த்திருந்தார். தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, வலது பக்கம் ஆழமாக அழுத்தினால் மட்டும் ஒரு முனகல். காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனை எல்லைக்கோட்டில் நின்றது. "குடல்வாலா, கல்லா, இல்ல நிஜமாவே கேஸா?" என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்.

மேஜை விளிம்பில் உட்கார வைத்து, வேலையைச் செய்து காட்டச் சொன்னேன்.

"இப்பமாக்கா? வலி உசுரு போவுது."

"ரெண்டே நிமிஷம்."

செய்தார். வலது கை பக்கவாட்டில் போய் எதையோ அள்ளியது. அங்கிருந்து உதட்டுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இல்லாத திருகாணிகளை உதட்டில் செருகினார். பிறகு இடது கை டாஷ்போர்டைத் தாங்க, வலது கை உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கியது. நான் நடுவில் ஏதோ கேட்டேன். வாய் நிறையத் திருகாணி இருப்பது போல, "ம்ம்ம் ம்ம்" என்று பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்; வலித்தது; நிறுத்திக்கொண்டார். நான் படிவத்தில் என் கையாலேயே எழுதினேன்: "டாஷ்போர்டு பொருத்துதல். திருகாணிகள் உதட்டில்."

இதை எழுதிய ஆறாவது நிமிடத்தில்தான் அந்த வெள்ளைக் கீறலைப் பார்த்து, தாயத்து என்று நினைத்தேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வயிற்றைப் படம் எடுப்பவர்களின் நிரந்தர எதிரி அரைஞாண் கயிறு. கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்கள். அதில் தாயத்து, வெள்ளிக் கொடி, அலமாரிச் சாவி, ஒருமுறை சின்னப் பூட்டே கூட இருந்தது. அதனால் அறைக்குள் போய், "கயித்துல என்னப்பா கட்டியிருக்க?" என்றேன்.

"அறுத்துராதீயக்கா! எங்கம்ம கட்டுனது."

"அறுக்கல. மேல தள்றேன்."

கயிற்றை மார்புக்கு ஏற்றி ஒட்டுப்போட்டேன். செப்புத் தாயத்து ஒன்று இருக்கத்தான் செய்தது. வெற்றியோடு திரும்பி வந்து, முழு ஸ்கேனுக்கு முன்னால் எடுக்கும் முன்படத்தை மறுபடி எடுத்தேன். தாயத்து மார்பில் இருந்தது. கீறல் அதே இடத்தில் இருந்தது.

டாக்டர் வைதேகி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. படிவம் அவர் கையில். என் கையெழுத்தில் ஒரு வரியின் மேல் அவருடைய விரல். உதடு மட்டும் அசைந்தது.

முழுப் படம் எடுத்தோம். கீறல் இப்போது நட்சத்திரமாக வெடித்திருந்தது. உலோகம் குறுக்கே வந்தால் கதிர்கள் சிதறி நாலா பக்கமும் வெள்ளைக் கோடு போடும். சுற்றியிருப்பது எதுவும் தெரியாது. டாக்டர் திரையின் கறுப்பு வெள்ளை அளவை மாற்றிக்கொண்டே போனார். தசையும் குடலும் மங்கி மறைந்தன. நட்சத்திரம் சுருங்கியது. நடுவில் மிச்சமிருந்த பொருளுக்குத் தலை இருந்தது. உடம்பு முழுக்கத் திருகுப் புரி இருந்தது. புரிகளை எண்ணக்கூட முடிந்தது. நான் எண்ணினேன்.

"எதுக்கு எண்றீங்க?" என்றார் டாக்டர்.

"அழகா இருக்கு டாக்டர்."

அவரும் குனிந்து எண்ணினார்.

டாக்டர் அன்வர் வந்தார். பார்த்தார். சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். கேள்வி ஒன்றுதான். திருகாணி எங்கே இருக்கிறது? பெருங்குடலின் தொடக்கப் பையில் என்றால், அது போய்க்கொண்டிருக்கிறது; இரண்டு நாளில் தானாக வெளியேறும்; வலி வேறு ஏதாவது. வயிற்றைக் கிழிப்பது அநியாயம். அந்தப் பையிலிருந்து தொங்கும் குடல்வாலுக்குள் விழுந்திருந்தால், அதற்கு வெளியேற வழியில்லை. அடைத்து, வீங்கி, நாளைக் காலைக்குள் வெடிக்கலாம். இரண்டும் விரல் அகலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த விரல் அகலத்தைத்தான் நட்சத்திரம் மறைத்திருந்தது.

குப்புறப் படுக்கவைத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தோம். திருகாணி கொஞ்சம் நகர்ந்தது. கொஞ்சம்தான். பையில் உருண்டதா, குடல்வாலோடு சேர்ந்து ஆடியதா என்று சொல்ல முடியவில்லை.

"படம் பாதிதான் சொல்லுது" என்றார் டாக்டர் வைதேகி. "எப்ப முழுங்கினார்னு தெரிஞ்சா மீதி தெரியும். இன்னிக்கு நேத்துன்னா போய்க்கிட்டு இருக்கு. பழசுன்னா மாட்டிக்கிட்டு இருக்கு."

நான் மைக் பொத்தானை அழுத்தி, "அப்படியே அசையாம படுங்க தம்பி. ஏதாவது முழுங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

எங்கள் அறைக் கதவருகே தணிகாசலத்தின் முகம் தெரிந்தது. அவருக்குப் பயந்துதான் தம்பி இல்லை என்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க லைன்ல ஸ்க்ரூவ வாய்ல வெச்சுக்குவாங்களா?"

"அய்யோ இல்ல மேடம். வாய்ல வெச்சா வார்னிங். மூணு வார்னிங் வாங்குனா வூட்டுக்குத்தான். இவன் ஏற்கெனவே ரெண்டு வாங்கிகினு கீறான்." திரையைப் பார்த்தார். கண் விரிந்தது. மூக்கு திரையில் படும் அளவுக்கு நெருங்கினார். "இன்னா மேடம் இது, இவ்ளோ க்ளியரா கீது! எங்க குவாலிட்டி கேமராவுல கூட இப்டி வராது. அளவு பாக்க முடியுமா?"

திருகாணியின் தலையிலிருந்து நுனிவரை கோடு இழுத்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

தணிகாசலம் நிமிர்ந்தார். முகத்தில் பெரிய நிம்மதி. "பன்னெண்டா? அப்ப இது நம்மளுது இல்ல மேடம். நம்ம டாஷ்போர்டு ஸ்க்ரூ பதினாறு. லைன்ல பன்னெண்டே கெடையாது. வெளிய எங்கியோ முழுங்கிகினு வந்து கம்பெனி பேர்ல போடறான்."

"அப்ப எப்பன்னு தெரியாது" என்றார் டாக்டர் அன்வர். "வார்டுல வெச்சிருப்போம். நாளைக்குக் காலைல ஒரு எக்ஸ்ரே. நகர்ந்திருந்தா வீட்டுக்கு."

ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. குப்புறப் படுத்த வாய், தலையணையில் பாதி அமுங்கிய குரல். ஆனால் நல்ல தெளிவு.

"அது நம்மதுதாம்ணே! பொங்கலுக்கு முந்தி பன்னெண்டுதாம்லா வந்துச்சு. லூசாவுதுன்னு பொறவுதான பதினாறா மாத்துனாவ. பழைய பெட்டிய எல்லாம் நீங்கதான எடுத்துட்டுப் போனிய!"

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அணைக்க மறந்திருந்தேன். நாங்கள் பேசிய அத்தனையும் ஸ்கேன் வளையத்துக்குள் ஒலிபரப்பாகியிருந்தது. வார்னிங்கைக் கேட்டும் வாய் திறக்காத ஆள், தன் லைன் திருகாணியை வேறு யாருடையதோ என்று சொன்னதைத் தாங்க மாட்டாமல் பேசிவிட்டார்.

தணிகாசலம் திரையில் நான் இழுத்த கோட்டை மறுபடி பார்த்தார். "ஆமால்ல" என்றார். "பொங்கலுக்கு முன்னாடி பன்னெண்டு."

அறையில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டோம். தை, மாசி, பங்குனி. இரண்டு மாதத்துக்கு மேல். இரண்டு மாதம் எந்தத் திருகாணியும் குடலில் உலாவிக்கொண்டிருக்காது. டாக்டர் அன்வர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க." டாக்டர் வைதேகி முதல் தடவையாக, நான் அறிந்து ஒரே தடவையாக, குரல் உயர்த்திப் பேசினார். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "இசக்கிமுத்து, ரொம்ப நன்றி!" என்றார்.

"இருக்கட்டும் டாக்டர்" என்றது ஸ்பீக்கர்.

அவரை மேஜையிலிருந்து இறக்கும்போது தணிகாசலம் பக்கத்தில் வந்தார். கோபத்தில் தொடங்கினார்: "இன்னாடா, முழுங்குனா சொல்ல மாட்டியா? எப்டிடா முழுங்குன?"

"சிரிச்சிட்டம்ணே."

"எதுக்குடா சிரிச்ச?"

"பிளான்ட் ஹெட் நடக்குத மாதிரி நீங்க நடந்து காட்டுனியள்லா? தோள ஆட்டிக்கிட்டு. அன்னிக்கி."

பிளான்ட் ஹெட் என்றால் தொழிற்சாலைக்கே தலைவர். தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் வைதேகி, "செஞ்சு காட்டுங்க" என்றார்.

"மேடம்..."

"வேலை சம்பந்தமான விஷயம். எனக்குத் தெரியணும்."

அவர் செய்து காட்டினார். தாழ்வாரத்தில், சி.டி. கதவிலிருந்து லிஃப்ட் வரை, ஒரு தோள் முன்னே வர, மறு தோள் பின்னே போக, வயிறு தனியாக ஒரு திசையில் முன்னேற, கை முதுகுக்குப் பின்னால் கட்டி. டாக்டர் வைதேகி சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அன்வர், தியேட்டருக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவர், நின்று பார்த்துவிட்டுப் போனார். ஸ்ட்ரெச்சரில் இருந்த இசக்கிமுத்து, "சிரிக்க வைக்காதியண்ணே, வலிக்கி" என்று கெஞ்சினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது வலியாலா சிரிப்பாலா என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை.

மூன்று நாற்பதுக்கு மயக்க மருந்து. நான்கு இருபத்தைந்துக்கு டாக்டர் அன்வர் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தோடு வெளியே வந்தார். குடல்வால் நுனி கருத்திருந்தது என்றார். சுவர் காகிதம் போல ஆகியிருந்தது. இன்று இரவைத் தாண்டியிருக்காது. கிண்ணத்தை ஆட்டினார். உள்ளே ணங் என்றது. தணிகாசலம் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கிண்ணத்துக்கு மேலே, தொடாமல், பிடித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு" என்றார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை அவர் பயந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு இசக்கிமுத்துவின் அம்மாவுக்குப் போன் செய்தார். "பையன் சூப்பரா கீறான்மா. கேஸ்தான். எடுத்தாச்சு" என்றார்.

அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். கம்பெனியில் எந்த விபத்து நடந்தாலும், ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து பதில் எழுத வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூல காரணம், அதன்மேல்தான் நடவடிக்கை. என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினார். ஏன் வயிற்றுவலி? குடல்வாலில் திருகாணி. ஏன் குடல்வாலில் திருகாணி? முழுங்கியதால். ஏன் முழுங்கினார்? திருகாணி வாயில் இருந்தபோது சிரித்ததால். ஏன் வாயில் வைத்தார்? லைனில் திருகாணிக்குத் தட்டு இல்லாததால். இங்கே நிறுத்தி, பேனாவைக் கடித்தார்.

"இன்னும் ஒண்ணு கீது மேடம். ஏன் சிரிச்சான்னு போட்டா நான் மாட்டுவேன். போடலேன்னா வாய்ல வெச்சதுதான் காரணம்னு ஆவும். மூணாவது வார்னிங் அவனுக்கு."

பேனாவை வாயிலிருந்து எடுக்கும்படி கையைக் காட்டினேன். எடுத்தார். ஐந்தாவது வரியில் தெளிவாக எழுதினார்: "சூப்பர்வைசர் பிளான்ட் ஹெட் போல் நடந்து காட்டியது." கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படிவம் பிளான்ட் ஹெட் வரை போனது. தணிகாசலத்துக்கு ஒரு வார்னிங் கிடைத்தது. அதைக் கொடுத்தபோது அந்த மனிதர் தன் நடையை ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்ததாகத் தணிகாசலம் சொன்னார், நம்பலாமா தெரியாது. இசக்கிமுத்துவுக்கு வார்னிங் இல்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் நிரந்தரம் ஆனார். லைனில் ஒவ்வொருவர் இடுப்பிலும் காந்தத் தட்டு ஒன்று வந்தது.

அதற்கு அடுத்த வாரம், கம்பெனி டாக்டரின் கடிதத்தோடு, அதே லைனிலிருந்து ஒன்பது பேர் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தார்கள். வரிசையில் கடைசியாக நின்றவர் தணிகாசலம். அவருக்கு முன்னால் நின்ற எட்டுப் பேர் வயிற்றிலும் எதுவும் இல்லை.